ஆலோசகர் தேய்த்த ஐந்து மூடிகள்

பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு ஆலோசகர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். திறப்பு விழாவுக்கு ரிப்பன் ஒன்றுதான் குறை. மூடியைத் தூக்கினார். உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. மனைவியின் தையல்கடையில் வெட்டி மிஞ்சியது. துணியின்மேல் நகைக்கடைச் சரக்குபோல வரிசையாக ஐந்து இரும்பு மூடிகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வாருவதற்குத் தலையில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆலோசகருக்கு அந்தக் கவலை பத்து வருஷத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

"எப்படி?" என்றார்.

பட்டறைக்காரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைவரை எண்ணெய், காதுக்குப் பின்னால் பென்சில். என்ஜின் வேலைக்கு அந்த வட்டாரத்தில் அவள் சொல்வதுதான் அளவு. ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவதைத் திருப்பினாள். ஐந்தையும் திருப்பிவிட்டு, வெல்வெட் துணியைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தாள்.

"புள்ளி எங்க சார்?"

"எந்தப் புள்ளி?"

"மூடி மேல பன்ச் வெச்சு அடிச்ச புள்ளி இருந்திருக்குமே. ஒண்ணுல ஒரு புள்ளி, அடுத்ததுல ரெண்டு, அப்படி."

"ஓ, அதுவா!" ஆலோசகர் சிரித்தார். "எவனோ கைநடுக்கக்காரன் சுத்தியலத் தாறுமாறாப் போட்டு வெச்சிருந்தான்மா. எல்லாத்தையும் அரம் போட்டு எடுத்துட்டேன். ஒரு தழும்பு இருக்கா பாருங்க!"

அவள் பார்க்கவில்லை. போய், ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு வந்தாள். பட்டறையில் லேத்தை நிறுத்துவதும் ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் ஒன்றுதான். நல்ல செய்திக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஆலோசகர் என்பது அவரே அவருக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். முப்பத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில், நசுங்கிய வண்டிகளைப் பார்த்து "இவ்வளவுதான் தர முடியும்" என்று எழுதிக்கொடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற மறுவாரமே விசிட்டிங் கார்டு அச்சடித்தார். பெயருக்குக் கீழே "ஆலோசகர்" என்று மட்டும் இருந்தது. எதற்கு ஆலோசகர் என்று போடவில்லை. ஒன்றைப் போட்டால் மற்றதெல்லாம் விட்டுப்போகும் இல்லையா? அதன்பின் தெருவில் குழாய் உடைந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சையில் தவறினாலும் சரி, அவர் அங்கே இருந்தார். கேட்டவர்கள் யாரும் இல்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இந்த என்ஜின் விஷயத்தில் மட்டும் ஆலோசனைக்கு வேலையில்லை. கார் அவருடையதல்ல. மாமனார் அதை மகள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். மருமகன் பேரில் எழுதாததற்கு முன்யோசனை என்றுதான் பெயர் சொல்ல வேண்டும். உருண்டை முதுகும் பெரிய கண்களுமாக அந்தக் கார் ஒன்பது வருஷம் கொட்டகையில் நின்றது. எலிகள் மூன்று தலைமுறையாக உள்ளே குடித்தனம் நடத்தின. இந்த வருஷம்தான் அதற்கு யோகம் அடித்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரர், படம் எடுக்கப் பழைய கார் ஒன்று மாதத்தில் எட்டு நாள் வாடகைக்கு வேண்டும் என்றார். தானே ஓடி வர வேண்டும், தள்ளிக்கொண்டு வரக்கூடாது என்பது நிபந்தனை.

அதே வாரத்தில் பேக்கரிக்காரரும் வந்தார். அவருக்குக் கார் ஓட வேண்டாம். நடுவில் அறுத்து, முன்பாதியைக் கடை வாசலில் சுவரோடு பதித்து, பானெட்டைக் கல்லாவாக வைத்துக்கொள்ளப் போகிறாராம். இளஞ்சிவப்பு பெயின்ட் அடிப்பாராம். விலையும் பரவாயில்லை.

ஆலோசகரின் மனைவி தையல்காரி. துணியை எடுக்கும் முன்பே எத்தனை மீட்டர் என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "என் கையில ஒரு லட்சம் இருக்கு. அதுக்குள்ள என்ஜின் ஓடுச்சுன்னா அப்பா கார் ஓடும். ஒத்தை ரூபா தாண்டுச்சுன்னாலும் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டுருவேன். அழுதுகிட்டேதான் போடுவேன், ஆனா போடுவேன்."

பட்டறைக்காரி போட்ட கணக்கு எண்பத்தெட்டாயிரம். நான்கு சிலிண்டரையும் குடைந்து புது பிஸ்டன் போடுவது, கிராங்க்கைக் கடைவது, ஹெட்டைச் சமன் செய்து வால்வுகளை உட்கார வைப்பது, பேரிங், கூலி எல்லாம் அதில் அடக்கம். கணக்கின் தொடக்கத்தில் "கழுவிச் சுத்தம் செய்ய ஆயிரத்தைந்நூறு" என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் ஆலோசகருக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ்காரர் விழித்துக்கொண்டார்.

"கழுவறதுக்குக் காசா? நானே பண்றேன்."

என்ஜினின் உடலான இரும்பு பிளாக்கை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு, இந்த மூடிகள் உள்பட சில்லறைச் சாமான்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். மூன்று நாள் கொட்டகையில் உட்கார்ந்து தேய்த்தார். போட்டோ எடுத்துப் பழங்கார் அன்பர் குழுவில் போட்டார். நாற்பத்தேழு கட்டைவிரல் வந்தது. ஒருவர் "இது உலோகமா, ஓவியமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை ஆலோசகர் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

இப்போது பட்டறைக்காரி பிளாக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாள்.

"இங்க பாருங்க சார். கிராங்க், அதான் என்ஜினுக்குள்ள சுத்தற தண்டு, அஞ்சு இடத்துல உக்காந்து சுத்தும். ஒவ்வொரு இடத்துலயும் பாதி வட்டம் பிளாக்குல இருக்கு, மீதிப் பாதி உங்க மூடில இருக்கு. கம்பெனில மூடி அஞ்சையும் இறுக்கிட்டு, ஒரே கம்பில அஞ்சு ஓட்டையையும் ஒண்ணாக் குடைஞ்சிருப்பாங்க. அதனால ஒவ்வொரு மூடியும் அதோட இடத்துல மட்டுந்தான் வட்டம். இடம் மாறுச்சுன்னா கோழிமுட்டை. கிராங்க் ஒரு மாசம் கூடத் தாங்காது."

"அப்ப அந்தப் புள்ளி..."

"எது எந்த இடம்னு அடையாளம். கைநடுக்கக்காரன் இல்ல சார், கெட்டிக்காரன்."

ஆலோசகர் பளபளக்கும் ஒரு மூடியை விரலால் தடவிப் பார்த்தார். மூன்று நாளில் அதிக நேரம் பிடித்த வேலையே அந்தப் புள்ளிகளை எடுத்ததுதான்.

"சரி, இன்னொண்ணு சொல்லுங்க." அவள் ஒரு மூடியின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். பிளாக்கோடு சேர்ந்து உட்காரும் தட்டையான முகம். அதுவும் பளபளத்தது. "இந்த மூடற முகத்தையும் தேச்சீங்களா? இங்க ஒரு தவு போனாலும் வம்பு."

தவு என்பது அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. தலைமுடியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஏறக்குறைய அவ்வளவு. பட்டறைக்காரி தூக்கத்திலும் தவுக் கணக்கில்தான் கனவு காண்பாள் என்று ஊரில் பேச்சு.

அடிபட்டு நிற்கிற மனிதனுக்கு மிச்சமிருப்பது கௌரவம் ஒன்றுதான். அதைக் கைவிட ஆலோசகருக்கு மனம் வரவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"வேலைன்னு எடுத்தா அரைகுறையா பண்ற பழக்கம் எனக்கு இல்லம்மா. முன்ன, பின்ன, உள்ள, வெளிய, ஒரு இடம் விடல. மூணு வித எமரித்தாள். அதுக்கு மேல துரு பிடிக்காம வார்னிஷ்."

அவள் மூடியைக் கீழே வைத்தாள்.

"அப்ப முடிஞ்சுது. மூடற முகம் தேஞ்சிருந்தா எந்த மூடியை எங்க போட்டாலும் வட்டம் வராது. அஞ்சையும் மறுபடி ஒண்ணாக் குடையணும், லைன் போரிங். அந்த மிஷின் என்கிட்ட இல்ல, வெளியூருக்கு அனுப்பணும். லாரிக்கூலியோட முப்பதாயிரம்."

கழுவும் காசு போக மிஞ்சிய எண்பத்தாறாயிரத்து ஐந்நூறோடு முப்பதாயிரத்தைக் கூட்ட ஆலோசகருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பானெட்மேல் இளஞ்சிவப்பு வழிவது கண்ணில் தெரிந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து குழுவில் கேட்டுப் பார்த்தார். "நண்பர் ஒருவர்" என்று ஆரம்பித்தார். இதுமாதிரி காரியங்களை எப்போதும் நண்பர் ஒருவர்தான் செய்கிறார். ஒருவர் ரோஜாப் படம் அனுப்பி மாலை வணக்கம் சொன்னார். இன்னொருவர் என்ஜினையே மாற்றச் சொன்னார். "உலோகமா, ஓவியமா?" என்று கேட்டவர், "உங்கள் நண்பர் ஒரு முட்டாள்" என்று எழுதி, கூடவே சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டார். இதை ஆலோசகர் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை.

தையல்கடையில் மனைவி மேசைமேல் துணி விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க? பேரிங் வந்துருச்சாமா?"

ஆலோசகர் முப்பத்திரண்டு வருஷம் அறிக்கை எழுதியவர். எந்த அறிக்கையிலும் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடந்திருக்கும்.

"மூடிகள்ல சில அடையாளங்கள் இருந்திருக்கு. இப்ப அது காணப்படல. அதனால கூடுதலா ஒரு செலவு ஏற்பட்டிருக்கு."

"காணப்படலன்னா? காணாமப் போயிருச்சா?"

"அப்படியும் சொல்லலாம்."

"எவ்வளவு செலவு?"

"முப்பது."

சாக்கட்டி நின்றது. "நீங்க அவ்வளவு தேய்ச்சுப் பட்டறைல கொண்டுபோய்க் குடுத்த சாமானுக்கு, அவங்களே அடையாளத்தத் தொலைச்சுட்டு, அதுக்கு நாம முப்பதாயிரம் தரணுமா? நல்ல நியாயமா இருக்கே!"

இந்த இடத்தில் ஆலோசகர் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லா விஷயத்துக்கும் திறக்கிற வாய்தான் அது. திறக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவளாகத்தான் நினைத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எல்லோரும் பூசணிக்காயிடம் இப்படித்தான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

அவள் போனை எடுத்துப் பேக்கரிக்காரரை அழைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. வெட்டற ஆளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். வைத்துவிட்டு, பாதியில் நின்ற கோட்டைத் தொடர்ந்து போட்டாள். சொன்னதுபோல அழவில்லை. அதுதான் ஆலோசகருக்கு அதிகமாக வலித்தது.

"காலைல நானும் வர்றேன் பட்டறைக்கு. காரு போனாலும் போகுது, நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

கேட்டாள். நாலு வார்த்தையில் ஆரம்பித்து நாற்பதுக்குப் போய்விட்டது. டிராக்டர் கியரைத் தோளில் சுமந்து வந்த ஒரு ஆள் அதை இறக்கி வைக்கவும் மறந்து வேடிக்கை பார்த்தான்.

"ஏம்மா, எங்க கடையில அளவு குடுத்த துணிய மாத்தித் தைச்சா சும்மா விடுவாங்களா? உன்ன நம்பித்தானே குடுத்தோம்? தொலைச்சது நீங்க, தண்டம் நாங்களா? தெருத் தெருவாச் சொல்லுவேன் பாத்துக்க!"

பட்டறைக்காரி கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தாள். "இங்க எதுவும் தொலையலக்கா" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஆலோசகரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. மைக்ரோமீட்டரைத் திருகிவிட்டு அது தானாக நிற்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"தொலையலன்னா பின்ன எங்க போச்சு?" என்றாள் மனைவி. "கால் முளைச்சு நடந்து போச்சா?"

ஆலோசகருக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "பராமரிப்பின்போது தேய்மானம் ஏற்பட்டிருக்கக்கூடும்." நல்ல வாக்கியம், முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் பேர் தெருவில் இழுபடப்போகிறது என்பதும், அவள் ஒரு சொல் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதும், அதை அவள் சொல்லாமல் நிற்கிறாள் என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் உறைத்தது.

"நான்தான் அழிச்சேன்" என்றார்.

"என்னது?"

"புள்ளிய. ஏதோ அடிபட்ட காயம்னு நினைச்சு, அரத்தால ராவி எடுத்துட்டேன். இவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல."

டிராக்டர்க்காரன் கியரைக் கீழே இறக்கினான். இது சீக்கிரம் முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வெட்டி வெச்ச துணில சாக்கட்டிக் கோட்டப் பிரஷ் போட்டுத் தேய்ச்ச மாதிரி?"

"கிட்டத்தட்ட."

"கொட்டகையில உக்காந்து எத்தன நாள் தேய்ச்சீங்க?"

"மூணு."

"மூணு நாள்! கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல எனக்கு ஒரு கரண்டி தேய்ச்சுக் குடுத்ததில்ல. தேய்க்கக் கூடாதத மூணு நாள் தேய்ச்சிருக்கார் மனுஷன்." பட்டறைக்காரி பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "மன்னிச்சுக்கம்மா. தெரியாம வாய விட்டுட்டேன்."

"விடுங்கக்கா. நானா இருந்தா இன்னும் கூடப் பேசியிருப்பேன்." அவள் பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் இழுத்தாள். "சார், ஒரு சந்தேகம். இந்த மூடற முகத்துக்கு மூணு வித தாள்னீங்க. எந்தெந்த மூணு?"

"அது... வந்து..."

"நூறாம் நம்பர் தாளா, நூத்தியிருபதா?"

ஆலோசகர் கூரையைப் பார்த்தார். கூரையில் பதில் இல்லை. புகை படிந்த ஒரு டியூப்லைட்தான் இருந்தது. தப்பு செய்தேன் என்று சொல்வதைக்கூட ஒருவழியாகச் சொல்லிவிட்டார். வேலையே செய்யவில்லை என்று சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்தப் பக்கம் போடல."

"எந்தத் தாளும்?"

"எதுவும் போடல."

"உள்வட்டத்துல?"

"அங்கயும் இல்ல. ரெண்டு பக்கமும் வார்னிஷ் மட்டும் பூசி விட்டேன்."

"ஒரு இடம் விடலன்னீங்களே நேத்து?"

"அந்தப் பக்கம்..." ஆலோசகரின் குரல் தரைக்கு இறங்கிவிட்டது. "அந்தப் பக்கம் போட்டோல தெரியாது."

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டிராக்டர்க்காரனும் சேர்ந்துகொண்டான். பட்டறைக்காரி சிரிக்கவில்லை. தின்னரில் துணியை நனைத்து, மூடியின் அடிமுகத்தை அழுத்தித் துடைத்தாள். வார்னிஷ் கரைந்தது. அடியில், கம்பெனியில் போட்ட மெல்லிய கோடுகள் ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தன. எஃகுப் பட்டை ஒன்றை அதன்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இடுக்கில் வெளிச்சம் கசியவில்லை.

"சார், நீங்க சொன்னபடி வேலை பார்த்திருந்தா காரு இன்னிக்குப் பேக்கரிக்குப் போயிருக்கும். உங்க சோம்பேறித்தனம் காப்பாத்தியிருக்கு."

பாராட்டுகள் எத்தனையோ விதம். ஆலோசகர் இதையும் வாங்கிக்கொண்டார்.

"ஆனா எது எங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். உயிர் திரும்பியதும் கூடவே ஆலோசனையும் திரும்பியது. "ராத்திரி கணக்குப் போட்டுப் பாத்தேன். அஞ்சு மூடிய நூத்தியிருபது விதமா அடுக்கலாம். ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமாத் திருப்பலாம். மொத்தம் மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பது வழி இருக்கு!"

"ஆறு" என்றாள் பட்டறைக்காரி.

"ஆறா?"

"ஓரத்து ரெண்டும் உருவமே வேற, பாத்தாலே தெரியும். திருப்பறதும் கிடையாது, பேரிங் நாக்கு உக்கார்ற பள்ளம் ஒரே பக்கம் வரணும். மிச்சம் நடுவுல மூணு. அதுக்கு ஆறு வழி. அதுலயும் மூணு தடவ மாத்தி மாட்டினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்தப் பாத்துடும்."

மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது மூன்றாகச் சுருங்கியதில் ஆலோசகர் கொஞ்சம் அடிபட்டாற்போல் தெரிந்தார். கஷ்டம் பெரிதாக இருந்தால் அதில் மாட்டியவனுக்கும் ஒரு மரியாதை இருக்கும் அல்லவா?

"கூலி?" என்று மனைவி கேட்டாள்.

"மூணு தடவ இறுக்கி, அளந்து, கழட்டணும். ஒரு நாள் போயிடும், நாலாயிரம் ஆகும். இறுக்கறதும் கழட்டறதும் சார் பண்ணா ரெண்டாயிரம் போதும்."

கழுவுவதில் மிச்சம் பிடித்தது ஆயிரத்தைந்நூறு. ஆக, ஐந்நூறு நஷ்டத்தோடு ஆலோசகருக்கு ஒரு நாள் வேலையும் கிடைத்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். டிராக்டர்க்காரன் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேர் தெரியாத நடு மூடி மூன்றுக்கும் மனைவி சாக்கட்டியால் குறி போட்டாள்: ஒரு வட்டம், ஒரு பெருக்கல், ஒரு கோடு. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் கிழித்தாள். பத்து போல்ட், நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று. இவ்வளவுதான் இறுக்கம் என்று காட்டும் நீளமான ஸ்பேனர், குறித்த அளவு வந்ததும் "டக்" என்று சொல்லும். அந்த "டக்" வருவதற்குள் ஆலோசகருக்கு மூச்சு மூன்று தடவை வந்து போகும்.

பட்டறைக்காரி அளவுமானியை ஒவ்வொரு துளையிலும் விட்டு, நேராக ஒரு தடவையும் சாய்த்து இரண்டு தடவையும் பார்த்தாள்.

"ஓரத்து ரெண்டும் ஜம்முனு இருக்கு. வட்டம்னா வட்டம்." மனைவி எழுதினாள். "நடுவுல... ரெண்டாவது நாலு தவு முட்டை. மூணாவது மூணு. நாலாவது அஞ்சு. எதுவும் சேரல. கழட்டுங்க சார்."

கழற்றினார். இடம் மாற்றினார். இறுக்கினார்.

"ரெண்டாவது மூணு தவு. மூணாவது நாலு. இல்ல. கழட்டுங்க."

"இன்னும் ஒண்ணுதானே பாக்கி?" என்றாள் மனைவி. கட்டத்தைப் பார்த்தபடிதான் கேட்டாள். குரல் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"ஒண்ணுதான்கா. இதுவும் சேரலன்னா வேற எதோ கோளாறு. அப்ப லைன் போரிங்தான், வேற வழி இல்ல."

போன் அடித்தது. பேக்கரிக்காரர். நாலு மணிக்கு வரச்சொன்னால் மூன்றே காலுக்கே வீட்டு வாசலில் நின்றார். வெட்டுகிற ஆளும் கூட நின்றார். கேஸ் சிலிண்டரும் இறங்கிவிட்டதாம்.

"பத்து நிமிஷம் பொறுங்க. கதவத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆலோசகர் மூன்றாவது தடவை இறுக்கினார். இந்த முறை மூச்சு வாங்குவதைக்கூடச் சத்தமில்லாமல் வாங்கினார். கடைசி போல்ட் "டக்" என்றது. பட்டறைக்காரி குனிந்தாள். அளவுமானியை ரெண்டாவது துளையில் விட்டாள். மூன்றாவது. நாலாவது. மறுபடி ரெண்டாவதுக்கே போனாள். ஒரு மனிதனை உட்கார வைத்துவிட்டு இப்படி இரண்டு தடவை அளப்பதைத் தடுக்க ஏதாவது சட்டம் இருக்க வேண்டும் என்று ஆலோசகருக்குத் தோன்றியது.

"எழுதிக்கங்கக்கா. ரெண்டாவது அரைத் தவு. மூணாவது முள்ளே அசையல. நாலாவது அரைத் தவு." நிமிர்ந்து முதுகை நெளித்தாள். "பொறந்த வீட்டுக்கு வந்துருச்சு மூணும்."

மனைவி எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி பிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆக மொத்தம் எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு" என்றாள். சந்தோஷத்தை அவள் எப்போதும் தொகையில்தான் சொல்வாள்.

"முதல்ல மறுபடி குறி போட்டுருவோம். சாக்கட்டி அழிஞ்சுடும்." பட்டறைக்காரி பன்ச்சையும் சுத்தியலையும் நீட்டினாள். ஆலோசகர் கை இரண்டையும் நீட்டினார். மனைவி நடுவில் புகுந்து சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பிடிங்க. நான் அடிக்கறேன்."

"விரல் மேல பட்டுடும்."

"படாது. அசையாம இருந்தா."

ஆலோசகர் அசையாமல் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு நேரம் பேசாமலும் அசையாமலும் இருந்தது அதுதான் முதல் தடவை. முதல் அடியில் கண்ணை மூடினார். ஐந்தாவது மூடி வரும்போது திறந்திருந்தார். ஒரு அடிகூட விலகவில்லை. புள்ளிகள் அழகாக இல்லை, ஆழமாக இருந்தன.

போன் மறுபடி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"இல்லீங்க, குடுக்கறதா இல்ல... ஆமா, முழு காரும்தான்... பாதிகூட இல்லீங்க. பாதியக் குடுத்துட்டு மீதிய நான் தள்ளிகிட்டா போறது?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெதுவாக மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு இவர்களிடம் திரும்பினாள். "கடை திறக்கற அன்னிக்கு ஒரு நாள் வாசல்ல நிறுத்த வாடகைக்குத் தருவீங்களான்னு கேக்கறார். தானா ஓடி வந்து நின்னா கூட்டம் சேரும்கறார். பெயின்ட்டு கூட வேணாமாம், இருக்கறபடியே போதுமாம்."

"தாராளமா!" என்றார் ஆலோசகர்.

"என்னிக்குத் தயாராகும்னு கேக்கறார். என்ன சொல்ல?"

ஆலோசகர் நெஞ்சை நிமிர்த்தினார். "பத்தே நாள்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டையில்லாத உடம்பில் எண்ணெயும் வியர்வையும் வழிய, அவர் திரும்பிப் பட்டறைக்காரியைப் பார்த்தார். அவள் கிராங்க்கை லேத்துக்குத் தூக்குவதற்குச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்களக் கேளு" என்றார். "அவங்க சொல்றதுதான்."

"அஞ்சு வாரம்க்கா" என்றாள் பட்டறைக்காரி சங்கிலியை இழுத்தபடி. "ஆறுன்னு சொல்லி வைங்க. சார், சும்மா நிக்காம இந்தப் பக்கம் பிடிங்க."

ஆலோசகர் பிடித்தார்.